'வேட்டைக் குறிநோக்கி': ஒரு மதிப்பீடு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, விடுத்த ஓர் அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த வில்லில் குறிபார்ப்பதற்கெனத் தனிக் கருவி எதுவும் பேசப்படவில்லை. கண்ணும் கையும் நெடுநாள் பழக்கமுமே வில்லாளிக்குத் துணை. இன்றோ, வில்லில் பூட்டிக்கொண்டால் குறி தப்பாது என்று சொல்லி விற்கப்படும் கருவிகள் பல வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்து, அது சொல்வதைச் செய்கிறதா என்று இக்கட்டுரையில் சோதித்துப் பார்ப்போம்.

இச்சோதனைக்குக் காரணமானவர் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர். குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவருடைய குடும்பம் வாழ்கிறது. வில்வித்தை பழகிவரும் அவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு சிறு பெட்டியைப் பரிசளித்தார். அதை அவர் இயற்பியல் ஆய்வகத்து மேசையின் மேல் வைத்தார். உள்ளே இருந்தது கூட்டு வில்லில் பூட்டும் குறிபார்க்கும் கருவி. விளையாட்டுப் பொருள்கள் விற்பவர்கள் இதனைச் 'சைட்' என்பார்கள்; நாம் குறிநோக்கி என்று வழங்குவோம். பெட்டியின் மேல் கொம்புமான் ஒன்றின் படம். 'வேட்டைக்கென்றே ஆக்கப்பட்டது, 20 முதல் 50 கெஜம் வரை குறி தப்பாது, மங்கிய ஒளியிலும் பளிச்சிடும்' என்னும் பொருளில் சில வாசகங்கள்.

"இதெல்லாம் உண்மைதானா சார்? தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் வேண்டும், வில்லுக்கு என்ன என்று அப்பா கேட்கிறார்" என்றார் மாணவர்.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கருவி எவ்வளவு நம்பத்தக்கது என்பது ஒன்று. அதைக் கொண்டு ஓர் உயிரின்மேல் அம்பெய்யலாமா என்பது மற்றொன்று. முதற் கேள்வியை ஒழுங்காக ஆராய்ந்தால் இரண்டாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. அதனால் இயற்பியலிலிருந்தே தொடங்குவோம்.

கூட்டு வில்லும் குறிநோக்கியும்

சாதாரண வில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்விசை கூடிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில்தான் விசை மிக அதிகம். கை நடுங்கும்; நின்று நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். வில்லின் இரு முனைகளிலும், மையம் விலகிச் சுழலும் உருளைகளைப் பொருத்தி, நாணையும் வடங்களையும் அவற்றின் வழியே செலுத்தினார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969இல் அது வழங்கப்பட்டது. இதுவே கூட்டு வில்.

இவ்வில்லில் இழுவிசை முதலில் ஏறி, உருளை திரும்பியதும் சட்டென்று இறங்குகிறது. உச்ச விசை 50 பவுண்டு என்றும், இறுதியில் அதில் 75 விழுக்காடு தளர்கிறது என்றும் கொள்வோம். முழுதும் இழுத்து நிறுத்தியிருக்க 12½ பவுண்டு விசை போதும். ஆனால் இழுக்கும்போது நாம் செய்த வேலை முழுதும் வில்லின் கைகளில் நிலையாற்றலாகச் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே வில்லாளி சில வினாடிகள் அசையாமல் நின்று குறிபார்க்கலாம். நுண்ணிய குறிநோக்கிக்கு வேலை ஏற்பட்டது இதனாலேயே.

கருவியின் அமைப்பு எளியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் செய்யும் வட்டத்தைவிடச் சற்றுப் பெரிய உலோக வளையம். அதனுள் ஒன்றன்கீழ் ஒன்றாக 4 ஊசிகள். ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் வண்ண ஒளியிழை ஒன்றின் முனை பொட்டுப்போல் ஒளிர்கிறது. வளையத்தின் அடியில் ஒரு சிறு ரசமட்டம். ஊசிகளை ஏற்றி இறக்கித் திருகாணியால் இறுக்கிக்கொள்ளலாம். நாணில் கண்ணுக்கு நேராக ஒரு சிறு துளை வளையம் செருகப்பட்டிருக்கும். துளை ஒரு புள்ளி, ஊசி ஒரு புள்ளி. இரு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கின்றன. அக்கோடு இலக்கில் போய் முட்டுமாறு வில்லைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் கண்ணின் பார்வைதான் நேர்கோடு. அம்பின் பாதை வளைகோடு. இவ்விரண்டும் குறிப்பிட்ட ஒரு தொலைவில் சந்திக்கும்படி ஏற்பாடு செய்வதே குறிநோக்கியின் பணி. ஒவ்வோர் ஊசியும் ஒரு தொலைவுக்கு உரியது.

ஊசிகளின் இடைவெளி சொல்லும் கணக்கு

அம்பின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று கொள்வோம். இது கூட்டு வில்லுக்குப் பொருத்தமான மதிப்பே. காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 40 மீட்டரைக் கடக்க அம்புக்கு அரை வினாடி ஆகும். அந்த அரை வினாடியில் கைவிட்ட கல் எவ்வளவு விழுமோ அவ்வளவு அம்பும் விழும். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியாகிய 4.9ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள், 122½ செ.மீ. வருகிறது. இவ்வாறே 20 மீட்டரில் 31 செ.மீ., 30 மீட்டரில் 69 செ.மீ., 50 மீட்டரில் 191 செ.மீ. விழும். கண் அம்பைவிடச் சுமார் 10 செ.மீ. உயரத்தில் இருப்பதால், அந்த உயரத்தையும் அம்பு ஏறியாக வேண்டும்.

கண்ணிலிருந்து ஊசி 85 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், 20, 30 மீட்டர் ஊசிகளுக்கிடையே 5.1 மி.மீ., 30, 40 மீட்டர் ஊசிகளுக்கிடையே 5.8 மி.மீ., 40, 50 மீட்டர் ஊசிகளுக்கிடையே 6.1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மாணவர் சமதரையில் பல நாள் எய்து ஊசிகளைச் சரிசெய்த பின், நாங்கள் வெர்னியர் அளவியால் அளந்தோம். இடைவெளிகள் கணக்கைவிடச் சிறிதே மிகுந்திருந்தன. மிகுதி கீழ் ஊசிகளில் கூடுதலாக இருந்தது. நாம் விட்டுவிட்ட காற்றுத் தடையின் கைவேலை அது. போகப் போக அம்பு வேகம் இழப்பதால் வீழ்ச்சி கூடுகிறது.

ஆக, கருவி பொய் சொல்லவில்லை. திருகாணிகள் இறுகப் பிடிக்கின்றன. பலமுறை எய்த பின்னும் ஊசிகள் இடம் பெயரவில்லை. தெரிந்த தொலைவு, சமதரை, அசையாத இலக்கு ஆகிய மூன்றும் அமைந்தால் இது நல்ல கருவியே. இம்மூன்றில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதே இனி நாம் காண வேண்டுவது.

தொலைவை யார் சொல்வது?

ஊசிப் பொட்டின் நுண்மையைப் பெட்டி பெரிதாகப் பேசுகிறது. பொட்டின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 85 செ.மீ. தொலைவில் உள்ள அப்பொட்டு, 40 மீட்டருக்கு அப்பால் 2.4 செ.மீ. அகலத்தை மறைக்கும். பொட்டை இன்னும் பாதியாகக் குறைத்தால் மறைப்பு 1.2 செ.மீ. ஆகும். நல்லதுதான்.

ஆனால் இலக்கு 40 மீட்டரில் உள்ளது என்று நினைத்து அதற்குரிய ஊசியை வைத்து எய்கிறீர்கள். உண்மையில் அது 45 மீட்டரில் இருக்கிறது. அம்பு எங்கே போகும்? மேற்கண்ட கணக்கின்படி 16 செ.மீ. தாழ்ந்து போகும். இலக்கு 35 மீட்டரில் இருந்திருந்தால் 12 செ.மீ. உயர்ந்து போகும். ஐந்து மீட்டர் தவறு 16 செ.மீ. பிழையைத் தரும்போது, பொட்டின் நுண்மையால் கிடைக்கும் ஒரு செ.மீ. லாபம் எம்மாத்திரம்? எடைக்கல்லைச் சரிபார்க்காத கடைக்காரர் தராசின் முள்ளை மட்டும் கூர்மையாக்குவது போன்றது இது.

கண்ணால் 40 மீட்டரை 5 மீட்டருக்குள் பிழையின்றிச் சொல்வது எளிதன்று. நீலகிரியில் அது மேலும் கடினம். மழை விட்ட காலையில் எதிர்மலையின் வீடுகள் கைக்கெட்டும் தொலைவில் தெரிகின்றன. அதே வீடுகள் மூடுபனி படர்ந்தால் விலகிப் போய் நிற்கின்றன. காற்றில் உள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து வண்ணங்களை மங்கச் செய்வதும், மங்கியதைத் தொலைவில் உள்ளதாக நம் மூளை கொள்வதுமே காரணம். இடையே பள்ளம் இருந்தால் அளவிட அடையாளமும் இல்லை. லேசர் தொலைவுமானி தனியே கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது வேறு கருவி. இப்பெட்டிக்குள் அது இல்லை.

அலகு பற்றியும் ஒரு சொல். பெட்டி கெஜத்தில் பேசுகிறது. நம் பயிற்சித் திடல்கள் மீட்டரில் அளக்கப்படுகின்றன. 40 கெஜம் என்பது 36.6 மீட்டரே. 40 கெஜ ஊசியைக் கொண்டு 40 மீட்டர் இலக்கை எய்தால் அம்பு ஏறத்தாழ 9½ செ.மீ. தாழும். இதனை விளக்கும் ஒரு வரி கூட இணைப்புத் தாளில் இல்லை.

சரிவில் நிற்கும்போது

அடுத்தது மலைச்சரிவு. 30 பாகைச் சரிவின் மேல் நின்று, சரிவின் வழியே அளந்து 40 மீட்டர் கீழே உள்ள இலக்கை நோக்குகிறீர்கள். எந்த ஊசியை வைப்பீர்கள்? வகுப்பில் கேட்டேன். கீழ்நோக்கி எய்வதால் 40 மீட்டர் ஊசியைவிட மேலுள்ள ஊசி என்றார்கள் சிலர்; மேல்நோக்கி எய்தால் அதற்கு மாறாகக் கீழூசி என்றார்கள். விடையில் முதற் பாதி சரி, மறுபாதி தவறு. இரண்டு நிலைகளிலும் மேலூசிதான்!

காரணம் இது. ஈர்ப்பு விசை செங்குத்தாகக் கீழே இழுக்கிறது. பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக உள்ள அதன் கூறுதான் அம்பைக் கோட்டிலிருந்து விலக்குகிறது. அக்கூறு, சரிவின் கோணத்துக்குரிய கோசைன் மதிப்பால் குறைகிறது. 30 பாகைக்குக் கோசைன் 0.866. ஆகவே வில்லாளி சரிவுத் தொலைவாகிய 40 மீட்டரை அல்ல, கிடைத்தளத் தொலைவாகிய 34.6 மீட்டரையே மனத்தில் கொள்ள வேண்டும். 40 மீட்டர் ஊசியை வைத்தால் அம்பு 16 செ.மீ. அளவுக்கு மேலே செல்லும். ஈர்ப்பின் மற்றொரு கூறு, கீழ்நோக்கிப் போகும் அம்பை விரைவுபடுத்தவும் மேல்நோக்கிப் போகும் அம்பைத் தாமதப்படுத்தவும் செய்கிறது. அதனால் கீழ்நோக்கிய பிழை 3 செ.மீ. கூடியும், மேல்நோக்கிய பிழை 3 செ.மீ. குறைந்தும் இருக்கும்.

மண்மேடு பின்னணியாக அமைந்த ஒரு சரிவில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வைக்கோல் இலக்கு வைத்து இதனைச் சோதித்தோம். கோணமானியில் தூக்குக்குண்டு கட்டிச் சரிவை அளந்துகொண்டோம். 40 மீட்டர் ஊசியால் கீழ்நோக்கி எய்த அம்புகள் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் தைத்தன. மேல்நோக்கி எய்தவை அதைவிடக் குறைவாக, ஆனால் மேலேயே தைத்தன. மாணவர்கள் கோசைனை இனி மறக்கமாட்டார்கள்.

'வேட்டைக்கென்றே' ஆக்கிய கருவி சமதரையை மட்டுமே அறிந்திருக்கிறது. காடும் மலையும் சமதரை அல்லவே!

பாராட்டத்தக்க பகுதி

வளையத்தின் அடியில் உள்ள ரசமட்டத்தைப் பெட்டி ஓரிடத்திலும் விளம்பரப்படுத்தவில்லை. என் மதிப்பீட்டில் இக்கருவியின் சிறந்த உறுப்பு அதுவே.

வில்லைச் செங்குத்தாகப் பிடிக்காமல் 3 பாகை சாய்த்துவிட்டால், 40 மீட்டரில் அம்பு 7 செ.மீ. பக்கவாட்டில் விலகும், 5 பாகை சாய்ந்தால் 11½ செ.மீ. விலகும். சமதரையில் தொடுவானத்தைப் பார்த்து வில்லை நிமிர்த்திக்கொள்ளலாம். தேயிலைச் சரிவில் குறுக்காக நிற்பவருக்கோ சரிவே தரைபோல் தோன்றும். புதர் வரிசைகளும் சாய்ந்தே செல்கின்றன. கை அறியாமலே வில் சாய்ந்துவிடும். அங்கே குமிழி ஒன்றுதான் உண்மை சொல்லும். இக்கருவியின் ரசமட்டத்தைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டோம். முன்பின்னாகத் திருப்பியும் பார்த்தோம். குமிழி பிழையின்றி நடுவில் நின்றது. ஆனால் இழுத்து நிற்கும்போது குமிழியையும் ஒரு பார்வை பார்ப்பது பழக்கத்தால் வர வேண்டும்.

ஒளியிழையும் தன் பணியைச் செய்கிறது. சாயமேற்றிய இழை தன் பக்கங்களில் விழும் ஒளியை உட்கொண்டு வேறு நிறத்தில் வெளிவிடுகிறது. அவ்வொளியின் ஒரு பகுதி முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே ஓடி முனையில் வெளிப்படுகிறது. அந்தி நேரத்தில் பொட்டு நன்றாகவே தெரிந்தது. ஆனால் பொட்டு தெரிவதும் இலக்கு தெரிவதும் ஒன்றல்ல. நாணில் உள்ள துளை, ஊசித்துளைக் கேமராவைப்போல் அருகில் உள்ள ஊசியையும் தொலைவில் உள்ள இலக்கையும் ஒருங்கே ஓரளவு தெளிவாகக் காட்டுகிறது. அதற்கு விலையாக ஒளியைக் குறைத்துவிடுகிறது. மங்கிய வேளையில் துளை வழியே பார்த்தபோது பொட்டு பளிச்சிட்டது. வைக்கோல் இலக்கோ இருளில் கரைந்துவிட்டது.

உயரமும் சிறிது விளையாடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அம்பின் மேல் தடையும் அதற்கேற்பக் குறையும். சென்னையில் சரிசெய்த ஊசி, உதகையில் 50 மீட்டரில் ஓரிரு செ.மீ. உயர்த்திக் காட்டக்கூடும். ஊர் மாறினால் ஊசியைச் சரிபார்ப்பது நல்லது.

அசையும் உயிரும் அம்பின் நேரமும்

தொலைவை அளந்தாகிவிட்டது, சரிவுக்குத் திருத்தம் செய்தாகிவிட்டது, குமிழியும் நடுவில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இலக்கு வைக்கோல் அன்று. காது விறைத்து நிற்கும் ஒரு விலங்கு. அப்போது என்ன ஆகும்?

நாண் விடுபடும்போது ஒலி எழுகிறது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 40 மீட்டரில் நிற்கும் விலங்கின் செவியை அது 0.12 வினாடியில் அடைகிறது. அம்பு அடைய 0.5 வினாடி ஆகும். இடையில் உள்ளது 0.38 வினாடி. மருண்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். 0.2 வினாடி தாழ்ந்தாலே, தானாக விழும் பொருளின் கணக்குப்படி 20 செ.மீ. இறங்கிவிடும். எந்த ஊசியும் இதற்குத் திருத்தம் சொல்லாது. குறிநோக்கி காட்டுவது விலங்கு இருந்த இடத்தை; அம்பு சேரும்போது அது இருக்கப்போகும் இடத்தை அன்று.

பிழை நேர்ந்தால் வைக்கோல் இலக்கில் ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. உயிரில் அது காயம். வேட்டை அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்து, இரத்தம் வடியச் செய்தே கொல்கிறது. முக்கிய உறுப்பைத் தவறவிட்ட அம்போடு விலங்கு புதருக்குள் ஓடி நெடுநேரம் துன்புறும். காயம்பட்ட காட்டுப்பன்றியோ காட்டெருமையோ மறுநாள் காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்களின் எதிரே நின்றால் நேர்வது என்ன என்று எண்ணிப் பாருங்கள். 'குறி தப்பாது' என்னும் இரு சொற்களின் பொறுப்பு அத்துணைப் பெரிது.

சட்டம் சொல்வது

இனி மாணவரின் தந்தை எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கியோடு வில்லும் அம்பும், கண்ணியும், வலையும், நஞ்சும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. 'வேட்டை' என்பதில் கொல்வது மட்டுமன்றி, காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும் அடங்கும். 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாட உரிமம் பெறும் வழியே அடைபட்டது. முதல் அட்டவணை விலங்காயின் 3 முதல் 7 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. விலங்கு உயிருக்கு ஆபத்தாகும்போது நடவடிக்கைக்கு ஆணையிடும் அதிகாரம் அரசின் உரிய அலுவலருக்கே உரியது. வில்லுக்கு லைசென்ஸ் உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியே அன்று. தோட்டக்காரர் செய்யத்தக்கது வனத்துறைக்குத் தெரிவிப்பதே.

இந்த எண்ணம் நீலகிரிக்குப் புதிதும் அன்று. வேட்டைக்காரர்களே கூடி 1877இல் இங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட்டுத் தள்ளியதால் விலங்குகள் அருகியதைச் சுட்டவர்களே கண்டுகொண்டதன் விளைவு அது. அதே சங்கம் நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் இயங்குகிறது. 1975இல் நீலகிரி வரையாடுகளைப் பற்றிய முன்னோடி ஆய்வைச் செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகத் தமிழக அரசு அறிவித்துள்ளது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. நம் மாநில விலங்கின் எண்ணிக்கை ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை அளவே!

நீலகிரியின் பெயர்பெற்ற வில் வேட்டை வில்லும் அன்று. தோடர் குடியில் கருவுற்ற பெண்ணுக்கு ஆண்மகன் சிறு வில்லும் அம்பும் தரும் சடங்கு ஒன்று உண்டு. அதனால் அவன் பிறக்கும் குழந்தையின் தந்தையாக ஏற்கப்படுகிறான். இதனை ரிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1906இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அப்படியானால் யாருக்குப் பயன்?

வேட்டையை விட்டால் கூட்டு வில்லுக்கு வேலை இல்லை என்று எண்ண வேண்டாம். கூட்டு வில் போட்டியில் 50 மீட்டர் தொலைவில் வைத்த இலக்கை எய்கிறார்கள். 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. மட்டுமே. 2023இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் 17 வயது அதிதி சுவாமி பெண்கள் பிரிவில் உலக வாகையர் ஆனார். அதே போட்டியின் ஆண்கள் பிரிவில் ஓஜஸ் தேவ்தலே இறுதிச் சுற்றில் 15 அம்புகளுக்கு 150 மதிப்பெண் பெற்று வென்றார். அதாவது ஓர் அம்பும் அந்த வட்டத்தைத் தவறவிடவில்லை. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கூட்டு வில்லுக்குரிய 5 தங்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. கைகள் இன்றிப் பிறந்து, காலால் வில்லைப் பிடித்து எய்யும் ஷீதல் தேவி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கூட்டு வில் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது.

இவ்வில்லாளிகள் பயன்படுத்துவது நம் பெட்டியில் உள்ளதுபோன்ற பல ஊசிக் கருவி அன்று. ஒரே குறிப்புள்ளி, உருப்பெருக்கும் வில்லை, ரசமட்டம், நுண்ணிய திருகு அளவுகோல் ஆகியவை கொண்டது அது. தொலைவு முன்பே தெரியும். அதற்கேற்பத் திருகி வைத்துக்கொள்கிறார்கள். தெரிந்த ஒரு தொலைவில் நுண்மையைத் தேடும்போதுதான் நுண்மைக்குப் பொருள் உண்டு. பல ஊசிக் கருவியைப் பயிலத் தகுந்த விளையாட்டும் இருக்கிறது. மேடுபள்ளமான இடங்களில் இலக்குகளை வைத்து, சில சுற்றுகளில் தொலைவைச் சொல்லாமலே எய்யச் செய்யும் களவில் போட்டி அது. கண்ணளவும் கோசைனும் ரசமட்டமும் அங்கே ஒருங்கே வேண்டும். மலைநாட்டு மாணவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. ஆனால் எந்தப் போட்டிக்கும் எந்தக் குறிநோக்கி அனுமதிக்கப்படுகிறது என்று பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள்.

முடிவு

நம் மதிப்பீட்டைத் தொகுத்துச் சொல்வோம். கருவியின் வேலைப்பாடு நன்று. ரசமட்டம் மிக நன்று. ஒளியிழை போதுமானது. கெஜக் கணக்கும், சரிவைப் பற்றி ஒன்றும் சொல்லாத இணைப்புத் தாளும் குறைகள். 'குறி தப்பாது' என்பது ஏற்கத்தக்கதன்று; ஏனெனில் குறிநோக்கி திசையை மட்டுமே காட்டுகிறது, தொலைவையோ காலத்தையோ காட்டுவதில்லை. 'வேட்டைக்கு' என்பது நம் நாட்டில் சட்டத்துக்கும், எந்நாட்டிலும் எச்சரிக்கை உணர்வுக்கும் பொருந்தாத விளம்பரம். இலக்குப் பலகைக்கு முன் இதனைப் பயன்படுத்துவோர் குறை கூற மாட்டார்கள்.

மாணவரின் தந்தை கணக்குகளைப் பொறுமையாகக் கேட்டார். 0.38 வினாடி என்ற இடத்தில் நிறுத்தி, "அப்படியானால் பன்றி நமக்கு முன்னால் யோசித்துவிடும் என்கிறீர்கள்" என்றார். அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லிவிட முடியாது.

வாசகர்களே, வில் இல்லாமலே இச்சோதனையில் ஒரு பகுதியை நீங்களும் செய்யலாம். உங்கள் ஊர்ச் சாலையிலோ சரிவிலோ நின்று, எதிரே உள்ள மரம் எத்தனை மீட்டர் தொலைவு என்று மதிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின் நாடாவால் அளந்து பாருங்கள். 10 மரங்களுக்குச் செய்து, எத்தனையில் 5 மீட்டருக்கு மேல் தவறினீர்கள் என்று எண்ணுங்கள். காலையில் ஒரு முறையும், மூடுபனியிலோ அந்தியிலோ மற்றொரு முறையும் செய்தால் இன்னும் நன்று. கிடைக்கும் விடை, எந்த விளம்பரத்தையும் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தரும்.